லோதர் மத்தேயுஸைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்பந்து பற்றி எழுதப் பழகுவோரின் கட்டுரைகளைத் திருத்தும்போது, ஜெர்மன் கால்பந்து வீரர் லோதர் மத்தேயுஸ் விஷயத்தில் ஒரே வகைத் தவறுகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. பெயரிலும் பிறந்த ஆண்டிலும் நேரும் பிழைகளை யாரும் பிடித்துவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெனால்டிக்குப் பயந்தார் என்று எழுதுவது

என்னை இன்றுவரை எரிச்சலூட்டுவது இதுதான். 1990 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிரான இறுதியாட்டத்தின் 85ஆவது நிமிடத்தில் மேற்கு ஜெர்மனிக்குப் பெனால்டி கிடைத்தபோது, வழக்கமாக அடிக்கும் அணித்தலைவர் மத்தேயுஸ் ஒதுங்கிக்கொள்ள, ஆந்திரெயாஸ் பிரேமே பந்தை வைத்தார். 1984 ஜெர்மன் கோப்பை இறுதியில், தாம் சேரவிருந்த பயர்ன் மியூனிக்குக்கு எதிராகவே மத்தேயுஸ் பெனால்டியைத் தவறவிட்டதை இத்துடன் சேர்த்து, பழைய அச்சம் திரும்பிவிட்டது என்று முடிச்சுப் போடுகிறார்கள். ஒரு புதியவர் இதையே தலைப்பாக வைத்து அனுப்பியிருந்தார்; அந்தக் கட்டுரையை நான் முழுவதுமாகத் திருப்பி அனுப்பினேன்.

அதே தொடரின் காலிறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவை வீழ்த்திய ஒரே கோல் மத்தேயுஸ் அடித்த பெனால்டி. அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிரான பெனால்டி வரிசையிலும் அவர் அடித்து வென்றார். இறுதியாட்டத்தின் முதல் பாதியில் அவருடைய காலணி உடைந்துவிட்டது. இடைவேளையில் மாற்றிய காலணி காலுக்குப் பிடிபடவில்லை என்பதால்தான் பொறுப்பைப் பிரேமேவிடம் விட்டார். இரு காலாலும் அடிக்கவல்ல பிரேமே வலக்காலால் அடிக்க, அர்ஜென்டினா கோல்காப்பாளர் கோய்கோச்சியா சரியான பக்கம் பாய்ந்தும் எட்டாமல், பந்து கம்பத்தை ஒட்டி உள்ளே போனது. கோப்பையைத் தீர்மானிக்கும் உதையின் பெருமையைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாத அந்த முடிவை அவருடைய தலைமைக்குச் சான்றாக எழுத வேண்டியிருக்க, கோழைத்தனம் என்று எழுதுவது பெரிய அநியாயம்.

மரடோனாவை அடக்கினார் என்பது

1986 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவின் மரடோனாவைக் காவல் காக்கும் வேலையை மேற்கு ஜெர்மனியின் பயிற்சியாளர் பெக்கன்பவர் மத்தேயுஸிடம் கொடுத்தார். மரடோனா கோல் அடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் 2-2 என்று இருந்தபோது மரடோனா தந்த ஒரு பாஸில் அவருடைய அணியின் புருச்சாகா வெற்றி கோலை அடித்தார். அந்தக் காவலுக்காக மத்தேயுஸ் தம் தாக்குதல் ஆட்டத்தை எவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்பதையும் எழுதுங்கள்.

நாட்டின் பெயர்

1990 ஜூலையில் வென்றது மேற்கு ஜெர்மனி; வெறுமனே ஜெர்மனி என்று எழுதாதீர்கள். கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளின் இணைப்பு நடந்தது அக்டோபரில்.

ஆடிய இடம்

அவரை நடுக்கள வீரர் என்று மட்டும் எழுதாதீர்கள்; பிற்காலத்தில் அவர் லிபெரோ, அதாவது தற்காப்பு வரிசைக்குப் பின்னால் சுதந்திரமாக ஆடும் வீரர்.

சாதனைக் கணக்கு

உலகக் கோப்பையில் 25 ஆட்டங்கள் என்ற அவருடைய சாதனையை 2022 இறுதியாட்டத்தில் மெஸ்ஸி முறியடித்துவிட்டார்.