ஒதுங்கிய வலையை அள்ளுவது சுலபம், அப்புறம்? கடற்கரைக் குழு தொடங்குகிறவர்களுக்கு ஒரு செய்முறை

போன வருஷம் எங்கள் ஊர்க் கரையில் பதினோரு பேர் சேர்ந்து ஒரே காலையில் முப்பத்திரண்டு சாக்கு வலைக்கழிவு அள்ளினோம். டீ குடித்தோம், போட்டோ எடுத்தோம், சாக்குகளை மீன் ஏலக்கொட்டகைக்குப் பின்னால் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனோம். நாலு மாதம் அவை அங்கேயே கிடந்தன. எலி குடிவந்தது. வெயிலில் சாக்கு இற்றுப்போய், தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பக்கத்து வீட்டுச் சித்தி ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா தம்பி, கடல்ல கெடந்தத எடுத்தாந்து எங்க வாசல்ல போட்டுட்டு, கடலச் சுத்தம் பண்ணிட்டோம்ங்கிறியே?"

நான் என்ன பதில் சொல்ல? அன்றைக்குப் பிறகு எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பிப் போட்டுச் செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் ஊர் பெரியபட்டினத்துக்கும் ஏர்வாடிக்கும் நடுவே, தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம். வடகடல் (பாக் விரிகுடா) பக்கத்து ஊர்க்காரர்கள் கடைசியில் இருக்கும் பின்சேர்க்கையையும் படித்துவிடுங்கள்.

படி 1: போகிற இடத்தை முதலில் பிடியுங்கள்

ஆள் சேர்க்கும் முன், வாட்ஸ்அப் குரூப் தொடங்கும் முன், பெயர் வைக்கும் முன் இதைச் செய்யுங்கள். கரையில் கிடப்பதில் ஒரு கை வலையை அள்ளிக்கொண்டு பழைய வலை வாங்கும் வியாபாரியிடம் போங்கள். பழைய இரும்புக் கடையில் விசாரித்தால் யார் வாங்குகிறார் என்று சொல்லிவிடுவார்கள். அவரிடம் நாலு கேள்வி: எந்த வலை எடுப்பீர்கள், ஈரமாக இருந்தால் எவ்வளவு கழிப்பீர்கள், எத்தனை கிலோ சேர்ந்தால் வண்டி அனுப்புவீர்கள், கயிறும் மிதப்பும் தனியாக வேண்டுமா. விலையைக் கடைசியில் கேளுங்கள். அது எப்படியும் மாதத்துக்கு மாதம் மாறும்.

வலை அல்லாத குப்பைக்குப் பஞ்சாயத்துதான் வழி. தூய்மைக் காவலர்கள் எந்தக் கிழமை உங்கள் தெருவுக்கு வருகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு, அதற்கு முந்தின நாள் கரையில் இறங்குங்கள். நிரந்தர ஏற்பாடு வேண்டுமென்றால் கிராம சபையில் மனுக் கொடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. "பார்த்துக்கலாம் தம்பி" என்ற வாய்வார்த்தையோடு எழுந்து வராதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் வந்து ஆறு மாதம் போயிற்று.

படி 2: தலைவர் வேண்டாம், சாவி வேண்டும்

ஊர்க் கமிட்டியிடமோ ஜமாத்திடமோ கோயில் பங்குப் பேரவையிடமோ (சர்ச் நிர்வாகக் குழு) ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இதை நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் வருஷம் சங்கம் பதிவு செய்யப் போகாதீர்கள் என்பது என் கருத்து. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். ஆனால் அந்த ஏழு பேரில் யார் தலைவர், யார் செயலாளர் என்ற பேச்சிலேயே பாதிக் குழு உடைந்துவிடும். வெளியிலிருந்து பணம் வரும்போது பதிந்துகொள்ளலாம்.

அதற்குப் பதில் மூன்று பொருளை மூன்று பேர் கையில் கொடுங்கள்: வலை வைக்கும் இடத்தின் சாவி ஒருவரிடம், தராசு ஒருவரிடம், கணக்கு நோட்டு ஒருவரிடம். முதலில் மூன்றும் என்னிடமே இருந்தன. வேலை விஷயமாக ஒரு மாதம் மதுரையில் தங்க வேண்டி வந்தது. திரும்பி வந்து பார்த்தால் குழு என்று ஒன்று இருந்ததே யாருக்கும் நினைவில்லை. பொருள் கையில் இருப்பவர் வராமல் இருக்க மாட்டார். வராவிட்டால் அடுத்தவர் வீட்டுக்குப் போய்க் கேட்பார். இப்போது தராசு அந்தச் சித்தி வீட்டில். அவர் கடல்பாசி எடுக்கப் போகிறவர். நிறுவையில் ஏமாற்றுகிறவர்களை வருஷக்கணக்காகப் பார்த்தவர், முள் அசைந்து நிற்கும்வரை யாரையும் வாய் திறக்க விட மாட்டார்.

படி 3: நாள் குறிப்பது

"ஞாயிறு காலை ஆறு மணி" என்று நகரத்துக்காரர்கள் போல நோட்டீஸ் அடிக்காதீர்கள். கிறிஸ்தவ ஊரில் ஞாயிறு பூசை, முஸ்லிம் ஊரில் வெள்ளி ஜும்மா. விசைப்படகு ஒரு நாள், நாட்டுப்படகு மறுநாள் என்று முறை வைத்திருக்கும் ஊர்களில் யார் எப்போது கரையில் இருப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நேரம் மட்டும் நீர் வற்றும் நேரமாகப் பாருங்கள். நம் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் மணலில் பாதி புதைந்த வலை அந்த நேரத்தில்தான் வெளியே தெரியும்.

படி 4: அள்ளும்போது

கத்தரிக்கோல், கட்டர் எதுவும் வேண்டாம். கதிர் அறுக்கும் கருக்கரிவாள் வாங்குங்கள். அதன் பல்லுக்கு மெல்லிய நரம்பு வலையும் தடிக்கயிறும் ஒன்றுதான். மெல்லிய ரப்பர் கையுறை பத்து நிமிஷத்தில் கிழியும். பாசி எடுக்கும் பெண்கள் விரலுக்கு விரல் பழந்துணி சுற்றிக்கொள்வார்களே, அதுதான் நல்லது. அள்ளிப்போட ஓட்டை உள்ள பழைய மீன் கூடை. சாக்கில் போட்டால் மணலையும் சேர்த்துச் சுமப்பீர்கள்.

எதை எடுக்கக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கரையில் குவிந்து கிடக்கும் கடற்புல் குப்பை அல்ல. அது மணலை அரிக்க விடாமல் பிடித்து வைக்கிறது, நண்டுக்கும் பறவைக்கும் அதில் இரை இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள் ஒருமுறை அதை அழகாக வாரிக் கூட்டி வைத்துவிட்டார்கள். மணலில் படரும் அடப்பங்கொடியிலும் ராவணன் மீசைப் புல்லிலும் வலை சுற்றியிருந்தால் இழுக்காதீர்கள், கொடி வேரோடு வந்துவிடும். வலையைத்தான் துண்டு துண்டாக அறுத்து எடுக்க வேண்டும். பவளத்துண்டு, கடல் அட்டை, கடல்குதிரை எதையும் பிள்ளைகள் பையில் போட விடாதீர்கள். இவை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன.

படி 5: பிரிப்பது (நான் கவிழ்ந்த இடம்)

எங்கள் முப்பத்திரண்டு சாக்கையும் வியாபாரி தொடக்கூட இல்லை. "எல்லாம் கலந்து கெடக்குதே" என்றார், அவ்வளவுதான். ஏன் என்று அப்புறம்தான் விளங்கியது. நண்டு வலை, நரம்பு வலை பெரும்பாலும் நைலான். விசைப்படகு இழுக்கும் மடிவலை பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற வேறு பிளாஸ்டிக். கயிறுகளில் பாலிஎத்திலீனும் உண்டு, பாலிபுரொப்பிலீனும் உண்டு. பாலிஎத்திலீன் சுமார் 130 டிகிரியில் உருகும், நைலான் உருக 220 டிகிரி வேண்டும். இரண்டையும் சேர்த்து உருக்கினால் எதற்கும் உதவாத கட்டிதான் மிஞ்சும்.

நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. பச்சையில் இரண்டும் உண்டு, நீலத்தில் இரண்டும் உண்டு. கொளுத்தி மணம் பார்க்கச் சொல்வார்கள். வேண்டாம், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. ஒரு வாளித் தண்ணீர் போதும். நைலானின் அடர்த்தி 1.14, தண்ணீரைவிட அதிகம், அடியில் போய் உட்காரும். பாலிஎத்திலீன் 0.95க்குப் பக்கம், மிதக்கும். பாலிபுரொப்பிலீனும் மிதக்கும்.

படிக்கும்போது எளிதுதான். நான் செய்தபோது எல்லாமே மிதந்தது! நரம்பு வலையும் மிதந்தது. "அப்ப எல்லாம் ஒரே சரக்குதான்" என்று சந்தோஷமாக மூட்டை கட்டிக் கொண்டு போய் இரண்டாம் தடவையும் திரும்பி வந்தேன். முடிச்சுகளுக்குள்ளும் இழைகளுக்கு நடுவிலும் காற்று பிடித்துக்கொள்கிறது, அதுதான் விஷயம். காய்ந்த வலை என்றால் இன்னும் மோசம். ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

வலையில் முடிச்சு இல்லாத இடமாகப் பார்த்து ஒரு விரல் நீளம் அறுத்து எடுங்கள். கொட்டலசு (வலையில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரி), சேறு ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டுங்கள். இல்லையென்றால் மிதக்க வேண்டியது அந்தப் பாரத்தில் மூழ்கும். வாளியில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். துண்டைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து இரண்டு விரலால் நசுக்குங்கள். பொட்டுப்பொட்டாகக் குமிழி வரும். குமிழி நின்றதும் அடியில் வைத்துக் கையை எடுங்கள். மேலே ஏறி வந்தால் ஒரு குவியல், அங்கேயே கிடந்தால் இன்னொரு குவியல்.

ஒவ்வொரு துண்டுக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. ஒரு வலைக்கு ஒரு தடவை. வலை பொத்துகிற பெரியவர் ஒருவர் உங்களோடு உட்கார்ந்தால் வாளியே வேண்டாம், விரலால் நெருடிப் பார்த்தே சொல்லிவிடுவார். நான் வாளியோடு மல்லுக்கட்டுவதை எங்கள் பெரியப்பா ஒருவர் அரை மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேப்பா" என்றார். பிரிக்கும் வேலை அப்போதிலிருந்து அவருடையது.

ஈயக்குண்டையும் மிதப்பையும் கழற்றித் தனியாக வையுங்கள். நல்ல நிலையில் உள்ளவற்றை விற்காமல் வலைக்காரர்களுக்கே கொடுங்கள். பத்து கூட்டம் போட்டும் வராத ஆட்கள், ஒரு கை ஈயக்குண்டுக்குப் பிறகு தாங்களாகவே பழைய வலையைக் கொண்டு வந்து போடத் தொடங்கினார்கள்.

படி 6: நிறுவை

இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, உதறி, பிறகு நிறுங்கள். கொக்கித் தராசு போதும். தேதி, வகை, கிலோ, பணம், கையெழுத்து என்று நோட்டில் ஐந்து கட்டம். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தை ஏலக்கொட்டகைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மொபைல் ஆப் எல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை. சுவரில் இருந்தால் நின்று படிப்பார்கள், திட்டுவார்கள், திருத்துவார்கள்.

பின்சேர்க்கை (எழுதிய பிறகு வந்த சிக்கல்கள்)

தொண்டிப் பக்கமிருந்து ஒருவர், "நீங்கள் சொன்ன மாதம் எங்கள் கரையில் ஒன்றுமே இல்லை" என்றார். தப்பு என்னுடையது. முதலில் எழுதியபோது கச்சான் (தென்மேற்கு) காற்றுக் காலத்தில் இறங்கச் சொல்லியிருந்தேன். அது தென்கடலுக்குத்தான் பொருந்தும். வடகடல் கரையில் வாடை (வடகிழக்குக் காற்று) அடிக்கும் மாதங்களில்தான் ஒதுங்கும். காற்று உங்கள் கரையைப் பார்த்து அடிக்கும் காலமே உங்கள் காலம்.

தீவுகளில் போய் அள்ளலாமா என்று மூன்று பேர் கேட்டார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவில் அடங்கியவை. நல்ல காரியத்துக்குத்தானே என்று இறங்கினாலும் வழக்குதான். வலையில் ஆமை சிக்கியிருந்தாலும் வனத்துறைக்குத்தான் முதல் போன்.

இன்னொன்று, இது நானாகக் கண்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகு கரையில் நிற்கும், மரத்தடியில் வலை பொத்துவார்கள். வெட்டி எறியும் துண்டுகள் காலடியிலேயே கிடக்கும், காற்றடித்தால் கடலுக்குள் போய்விடும். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு பழைய மீன் கூடையை மட்டும் வைத்துவிட்டு வந்தோம். அந்தத் துண்டுகளில் மணல் இல்லை, கொட்டலசு இல்லை, கலப்பும் இல்லை. வியாபாரி காயவைக்கக்கூடச் சொல்லாமல் தராசில் ஏற்றினார்.