பழைய நகரத்தின் நீண்டகாலத் திட்டத்தை வாசிக்கும் முறை: வியன்னாவில் பயின்று தேக்காவுக்குக் கருத்துரைக்க

ஐரோப்பாவின் பழைய நகரங்கள் பலவும், இன்னும் பத்து அல்லது முப்பது ஆண்டுகளில் தாங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதை எழுதி, மன்றத்தில் நிறைவேற்றி, எவரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கின்றன. சிங்கப்பூரில் வாழும் நாம் அவற்றைப் படிப்பதற்குத் தக்க காரணம் உண்டு. நம் நகர மறுசீரமைப்பு ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெருந்திட்டத்தை மறுஆய்வு செய்கிறது. வரைவைப் பார்வைக்கு வைத்துப் பொதுமக்களின் கருத்தையும் கேட்கிறது. லிட்டில் இந்தியாவின் தேக்காவைப் பற்றியும் சிராங்கூன் சாலையைப் பற்றியும் நமக்குப் பற்று நிறைய இருக்கிறது. ஆனால் வரைவைப் பிரித்து வைத்துக்கொண்டு, இந்த வரி போதாது, இந்த மனைக்கு இந்த விதி வேண்டும் என்று எடுத்துச் சொல்லும் பழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. அந்தப் பழக்கத்தைக் கைக்கொள்ள, நமக்கு நேரடிப் பற்றோ கோபமோ இல்லாத ஓர் ஊரின் திட்டத்தைப் படித்துப் பழகுவது நல்ல வழி.

பயிற்சிக்கு நான் வியன்னாவையே பரிந்துரைப்பேன். இருபது இலட்சம் பேர் வாழும் அந்நகரில், மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நகராட்சியின் வாடகை வீடுகளிலோ அரசு மானியம் பெற்ற வீடுகளிலோ குடியிருக்கிறார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வளர்ந்த நமக்கு அந்த ஆவணத்தின் அக்கறைகள் அந்நியமாகத் தோன்றுவதில்லை. 2014இல் நிறைவேறிய ‘ஸ்டெப் 2025’ என்னும் நகர வளர்ச்சித் திட்டத்துக்கு ஆங்கிலப் பதிப்பும் இருப்பதால் ஜெர்மன் தெரியாதவர்களும் படிக்கலாம்.

படிக்கத் தொடங்கும் முன், கையிலிருக்கும் ஆவணம் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ‘ஸ்டெப் 2025’ நகர நிர்வாகத்துக்கு வழிகாட்டிய கொள்கை ஆவணம். ஒரு மனையில் எதைக் கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதைச் சட்டப்படி முடிவு செய்வது, பகுதிவாரியாக நிறைவேற்றப்படும் வேறொரு நிலப்பயன்பாட்டு வரைபடம். நம்மூரிலும் இதே அமைப்புத்தான். ஐம்பது ஆண்டுகளையும் அதற்கு அப்பாலும் நோக்கும் நீண்டகாலத் திட்டம் திசையைக் காட்டுகிறது. அதன் முன்னோடி 1971ஆம் ஆண்டின் கருத்துருத் திட்டம். 1958இல் முதன்முதலாக அங்கீகரிக்கப்பட்ட பெருந்திட்டமோ சட்ட வலிமை உடையது. அடுத்த பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்கான நிலப்பயன்பாட்டை மனை மனையாக வகுக்கிறது. முதல் வகை ஆவணத்தில் ஒரு பூங்காவைப் பார்த்து மகிழ்ந்தவர், இரண்டாம் வகை ஆவணத்தில் அதே இடம் என்ன நிறத்தில் இருக்கிறது, அந்த நிறம் எந்தப் பயன்பாட்டைக் குறிக்கிறது என்றும் பார்த்துவிட வேண்டும்.

முந்தைய திட்டத்திலிருந்து தொடங்குங்கள்

புதிய திட்டத்தின் முதல் பக்கத்திலிருந்து படித்துச் செல்வது இயல்பாகத் தோன்றும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. முந்தைய திட்டத்தை எடுத்து, அதன் வாக்குறுதிகளில் எவை நிறைவேறின என்று முதலில் பாருங்கள். பழைய நகரங்களைப் படிப்பதில் உள்ள பெரும் வசதி இதுதான்: நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய திட்டங்களும் அவற்றின் விளைவுகளும் நம் கண்முன்னே இருக்கின்றன. அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒரு பாங்கு புலப்படுகிறது. வாக்குறுதி நிலைத்த இடங்களிலெல்லாம் அதைச் சட்டமோ பொது நிலவுடைமையோ ரயில் தண்டவாளமோ கட்டிப்போட்டிருக்கிறது. நல்லெண்ணம் மட்டும் காவல் இருந்த இடங்களில் அது கரைந்துபோயிருக்கிறது.

வியன்னாவில் 1857 டிசம்பர் 20 அன்று பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் பழைய கோட்டை மதில்களை இடிக்க ஆணையிட்டார். மதிலுக்கு வெளியே பாதுகாப்புக்காகக் கட்டடமின்றி விடப்பட்டிருந்த அகன்ற வெளி அரசின் கையில் இருந்தது. அதில் ஒரு பகுதியை மனைகளாகப் பிரித்து விற்று, அந்தப் பணத்தைத் தனி நிதியில் சேர்த்து, இசை நாடக அரங்கு, அருங்காட்சியகங்கள் போன்ற பொதுக் கட்டடங்களை எழுப்பினார்கள். 1865இல் திறக்கப்பட்ட ரிங்ஸ்ட்ராஸே வட்டச்சாலை இப்படித்தான் உருவாயிற்று. ஆணையும் நிலமும் நிதியும் ஒரே இடத்தில் இருந்ததால்தான் வரைபடம் சாலையாயிற்று. அடுத்து, 1905இல் நகர மன்றம் ஊரைச் சுற்றியுள்ள காடுகளையும் புல்வெளிகளையும் ஒரு பசுமை வளையமாக வரையறுத்துக் காக்கத் தீர்மானித்தது. இரண்டு உலகப் போர்களுக்கும் பேரரசின் வீழ்ச்சிக்கும் பிறகும் அந்த வளையம் நிற்கிறது.

பார்சிலோனா இதற்கு மறுபக்கம். பொறியாளர் இல்டெஃபோன்ஸ் செர்தா 1859இல் வகுத்த விரிவாக்கத் திட்டம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 113 மீட்டர் பக்கமுடைய, மூலைகள் சாய்வாக வெட்டப்பட்ட சதுரத் தொகுதிகளால் ஆனது. தெருக்களின் பொது அகலம் 20 மீட்டர். தொகுதியின் எல்லாப் பக்கங்களையும் அடைக்காமல் கட்டி, நடுவில் தோட்டம் விட வேண்டும் என்பது அவர் கருத்து. இன்று அந்நகரின் வான்படத்தைத் திறந்து ஒரு தொகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். தெரு அவர் வரைந்த அகலத்திலேயே இருக்கிறது. மூலைகளும் அப்படியே சாய்ந்திருக்கின்றன. தோட்டம் இருந்திருக்க வேண்டிய நடுப்பகுதியிலோ கிடங்குகளின் கூரைகளும் பட்டறைகளும் வாகன நிறுத்தங்களும் தெரிகின்றன. தெரு பொதுச்சொத்து, தொகுதியின் உள்பகுதி தனியார் சொத்து; வேறுபாடு அவ்வளவுதான். 1980களிலிருந்து நகராட்சி அந்த முற்றங்களில் சிலவற்றை ஒவ்வொன்றாக மீட்டுப் பூங்காவாக்கி வருகிறது. ஒரு விதியை உரிய காலத்தில் உறுதியாக்காததற்கு ஒரு நகரம் ஒரு நூற்றாண்டு கழித்தும் விலை கொடுத்துக்கொண்டிருப்பதை அந்த ஒரு படத்தில் பார்க்கலாம்.

அண்மைத் திட்டங்களையும் இப்படியே சோதியுங்கள். 2025ஆம் ஆண்டுக்குள் வியன்னா மக்களின் பயணங்களில் 80 விழுக்காடு பொதுப்போக்குவரத்து, நடை, மிதிவண்டி ஆகியவற்றில் நடைபெற வேண்டும், கார்களின் பங்கு 20 விழுக்காடாகக் குறைய வேண்டும் என்று ‘ஸ்டெப் 2025’ இலக்கு வைத்தது. அக்காலம் நெருங்கியபோதும் ஏறத்தாழ நான்கில் ஒரு பயணம் காரில்தான் நடந்தது. இதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எண்ணையும் ஆண்டையும் வெளிப்படையாக எழுதி வைத்ததால்தான் நம்மால் அளக்க முடிகிறது. எண் இல்லாத இலக்கைக் கண்டால் அதன் அருகில் ஒரு கேள்விக்குறி இட்டுவையுங்கள்.

நிலமும் தண்டவாளமும்

அடுத்து வரைபடங்களுக்குச் செல்லுங்கள். எழுத்தில் இருக்கும் உறுதி வரைபடத்தில் பல நேரம் இருப்பதில்லை. முழுக்கோடு, புள்ளிக்கோடு, வெளிறிய நிறம் ஆகியவற்றின் பொருளைக் குறிவிளக்கத்தில் பார்த்து, ரயில் பாதைகள் எந்தக் கோட்டில் வரையப்பட்டுள்ளன என்று தேடுங்கள். வியன்னாவின் கிழக்கே, பழைய விமானத் தளமொன்றில் 240 ஹெக்டர் பரப்பில் ஸேஷ்டாட் ஆஸ்பெர்ன் என்னும் புதுநகரம் எழுகிறது. அங்கே 2013இல் யூ2 மெட்ரோ பாதை நீட்டிக்கப்பட்டது. முதல் குடியிருப்பாளர்கள் வந்தது 2014இல். சுற்றிலும் வெறும் மண்ணும் பாரந்தூக்கிகளுமாக இருந்த காலத்திலேயே நிலையம் இயங்கத் தொடங்கிவிட்டது. வீடு வந்து பல ஆண்டுகள் கழித்து எம்ஆர்டி ரயில் வந்த பேட்டைகளில் பேருந்துக்குக் காத்து நின்றவர்களுக்கு இந்த வரிசைமுறையின் அருமை நன்றாகப் புரியும்.

கோபன்ஹேகனின் 1947ஆம் ஆண்டுத் திட்டம் ‘விரல் திட்டம்’ என்றே பெயர் பெற்றது. பழைய நகரம் உள்ளங்கை. புறநகர் ரயில் பாதைகளை ஒட்டி நீளும் ஐந்து குடியிருப்பு வரிசைகள் விரல்கள். விரல்களுக்கு இடையே பசுவெளி. 2007இல் டென்மார்க் அதைத் தேசிய அளவிலான கட்டாய நெறியாக்கியது. பெரிய அலுவலகங்கள் ரயில் நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் அமைய வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. இப்படி ஒரு விதி கண்ணில் பட்டால் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் அளவுகோலை வைத்து எவரும் சரிபார்க்கலாம்.

மரபுடைமை அத்தியாயம்

பழைய நகரங்களின் திட்டங்களில் மிக அழகாக எழுதப்படுவதும், மிகக் கவனமாகப் படிக்க வேண்டியதும் இந்த அத்தியாயமே. வியன்னாவின் வரலாற்று மையம் 2001இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. ஹோய்மார்க்ட் என்ற இடத்தில், பனிச்சறுக்குத் திடலை ஒட்டி ஏறத்தாழ 66 மீட்டர் உயரக் கோபுரக் கட்டடத்துக்கு நகர மன்றம் வழிவிட்டதையடுத்து, 2017இல் அம்மையம் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. பெல்வெடெரே அரண்மனையிலிருந்து பழைய நகரை நோக்கும் புகழ்பெற்ற காட்சி கெடும் என்பது முதன்மையான மறுப்புகளுள் ஒன்று. ஆகவே, ஒரு கட்டடம் காக்கப்படும் என்று படித்தவுடன் நிறைவடைந்துவிடாதீர்கள். அதைச் சுற்றியுள்ள உயரம், அதற்குச் செல்லும் பார்வைக்கோடு, பாதுகாப்பு எல்லைக்கு வெளியே முதல் மனையில் என்ன அனுமதி ஆகிய மூன்றையும் பாருங்கள்.

டிரெஸ்டன் நகரம் இன்னும் கடினமான பாடம். எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கு 2004இல் பட்டியலில் சேர்ந்தது. 2005இல் மக்கள் வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் ஆற்றின் குறுக்கே புதிய பாலம் வேண்டும் என்றார்கள். பாலத்தைக் கைவிட நகரம் இணங்காததால் 2009இல் அந்தத் தகுதி நீக்கப்பட்டது. 2013இல் பாலம் திறக்கப்பட்டது. அங்கே வாழ்பவர்களின் அன்றாடத் தேவையை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் இரண்டு விருப்பங்கள் மோதும்போது எது விட்டுக்கொடுக்கும் என்பதை முன்கூட்டியே எழுதாத திட்டம், அந்த முடிவை நெருக்கடிக்கு ஒப்படைத்துவிடுகிறது. நீங்கள் படிக்கும் ஆவணத்தில் அந்த முன்னுரிமை எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

இதே கண்ணோடு நம் தெருவைப் படியுங்கள்

மேக்ஸ்வெல் ரோட்டில் உள்ள நகர மறுசீரமைப்பு ஆணையக் கட்டடத்தின் காட்சிக்கூடத்தில் நகரின் பெரிய மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது, அனுமதி இலவசம். ஆணையத்தின் இணைய வரைபடத்தில் ஒரு மனையைச் சொடுக்கினால் அதன் நிலப்பயன்பாடு, அனுமதிக்கப்பட்ட கட்டட அடர்த்தி விகிதம் (மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பது), பாதுகாக்கப்பட்ட கட்டடமா என்பன தெரியும். ஊர் முழுவதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தெரு போதும். சொல்லப்போனால் ஒரு தெருவின் ஒரு பக்கமே போதும்.

லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. சைனாடவுன், கம்போங் கிளாம் போன்ற வரலாற்றுப் பகுதிகளைப் போலவே இங்கும், கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டப்பட்ட கடைவீட்டின் முகப்பு மட்டுமன்றி முழுக் கட்டடமும் காக்கப்பட வேண்டும் என்பது விதி. அக்கடைவீடுகளின் முன்னால் உள்ள ஐந்தடி நடைவழியைக் கவனியுங்கள். 1822இல் ராஃபிள்ஸின் நகர அமைப்பு நெறிகள், ஒவ்வொரு வீட்டின் முன்னும் எவரும் எப்போதும் நடந்து செல்லத்தக்க தொடர்ச்சியான மூடிய வழி இருக்க வேண்டும் என்று வகுத்தன. பெருமழையில் கேம்பல் லேனிலிருந்து சிராங்கூன் சாலைக்கு வருபவர், பூக்கடையின் கொக்கிகளில் தொங்கும் மல்லிகைச் சரங்களுக்கு அடியில் பெரிதும் நனையாமல் நடப்பதற்கு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் விதியாக எழுதப்பட்ட அந்த ஒரு வரியே காரணம்.

ஆனால் அந்தப் பூக்கடை அதே இடத்தில் தொடர்வதை எந்தப் பாதுகாப்பு விதியும் உறுதி செய்வதில்லை. தூணும் சன்னலும் ஓட்டுக்கூரையும் காக்கப்படுகின்றன; வாடகை சந்தையின் கையில் இருக்கிறது. நம் கருத்துரை குறிவைக்க வேண்டிய இடைவெளி இதுவே என்பது என் உறுதியான எண்ணம். வியன்னாவில் 2019 முதல் நடப்பிலுள்ள ஒரு நிலப்பயன்பாட்டு வகை, புதிய குடியிருப்புப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடுகளாக இருக்க வேண்டும் என்று கோருகிறது. பயன்பாட்டையும் விலையையும் வரைபடத்தோடு பிணைக்க முடியும் என்பதற்கு அது சான்று. கடைகளுக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், கேள்வியை எழுப்ப அது உதவும்.

கருத்துரையை எழுதும்போது, ‘நம் பண்பாட்டைக் காக்க வேண்டும்’ என்ற அளவில் நிறுத்திவிடாதீர்கள். அதை எவரும் மறுக்கப்போவதில்லை, எவரும் செயல்படுத்தவும் போவதில்லை. தெருவின் பெயரையும் கட்டட எண்களையும் குறிப்பிடுங்கள். இப்போது அங்கே என்ன தொழில் நடக்கிறது, எந்த நேரத்தில் யார் வருகிறார்கள் என்பதை நேரில் நின்று பார்த்து எழுதுங்கள். வரைவின் எந்த வரைபடம், எந்த வரி போதவில்லை என்று சுட்டுங்கள். அதற்கு மாற்றாக நீங்கள் கேட்பது விதியா, பொதுத்துறைக்குச் சொந்தமான இடமா, பாதசாரிகளுக்கான வழியா என்பதைத் தெளிவாக்குங்கள். கடைக்காரர் அக்கா, அண்ணன்களிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் திருத்தியதைச் சேர்த்த பிறகே அனுப்புங்கள். அந்தத் தெருவைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. ஒரு பக்கம் போதும், தமிழில் எழுதியதை ஆங்கிலத்திலும் வைத்தால் அதிகாரிகள் விரைவாகப் படிப்பார்கள்.

அனுப்பியதன் படியைத் தேதியோடு எடுத்து வையுங்கள். பெருந்திட்டம் இறுதியானதும் இணைய வரைபடத்தில் அதே மனையைத் திறந்து, நீங்கள் கேட்டது வந்திருக்கிறதா, வராவிட்டால் என்ன வந்திருக்கிறது என்று அதே படியில் எழுதுங்கள். ஐந்தாண்டு கழித்து அடுத்த வரைவு வரும்போது, முந்தைய திட்டத்திலிருந்து தொடங்க வேண்டியவருக்கு அந்தத் தாளைக் கொடுக்கலாம்.