டைனி ஹவுஸுக்கு ஓபன் விறகு ஸ்டவ் வாங்கப் போறீங்களா, முதல்ல அதோட வாயை அளங்க

அக்காவும் அத்தானும் கொடைக்கானல்ல ஒரு டைனி ஹவுஸ் கட்டுறாங்க. கிட்டத்தட்ட 7,000 அடி உயரம், டிசம்பர் ராத்திரி கை விறைச்சுடும். சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு ஸ்டவ் பத்தி தேடுற வேலை என்கிட்ட வந்துச்சு. இங்க இருந்து மலைல இடம் வாங்கிப் போட்டவங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்கும் உதவும்னுதான் எழுதுறேன்.

முன்பக்கம் திறந்த ஸ்டவ்னா எல்லாருக்கும் கண்ணு தீ மேலதான் போகும், எனக்கும்தான். ஆனா வாய் எவ்வளவு பெருசோ அவ்வளவு காத்தை அது ரூம்ல இருந்து உறிஞ்சி சிம்னி வழியா வெளிய தள்ளிடும், நீங்க சூடாக்கின காத்தும் அதோட சேந்து போயிடும். சுவருக்குள்ள கட்டுற திறந்த அடுப்புல விறகோட சூட்டுல 10, 15 சதவீதம்தான் நமக்குக் கிடைக்கும், கதவு மூடுற நல்ல ஸ்டவ்ல 60க்கு மேல. அதனால கதவு உள்ளதா வாங்குங்க, சாயங்காலம் திறந்து வச்சு தீயைப் பாத்துட்டு அப்புறம் மூடிக்கலாம். கதவைத் திறந்து எரிக்கலாம்னு மேனுவல்லயே போட்டிருக்கணும், இல்லாட்டி வேணாம்.

இப்ப கணக்கு. புகைக் குழாயோட உள்பரப்பு, வாயோட பரப்புல பத்துல ஒரு பங்காவது இருக்கணும். 6 இன்ச் உருண்டை குழாய்னா 28 சதுர இன்ச் வருது, அப்போ வாய் 280க்குள்ள, அதாவது 18க்கு 15 இன்ச் வரைக்கும் ஓகே. 24க்கு 20 வாங்கிட்டு அதே குழாயை மாட்டினா வீடெல்லாம் புகைதான். சூட்டுக்கு 14 கன மீட்டருக்கு 1 கிலோவாட்னு தோராயமா வச்சுக்கலாம், 20 சதுர மீட்டர் வீடு 2.4 மீட்டர் உயரம்னா மூணரை கிலோவாட் போதும். கடைல 8 கிலோவாட் எடுத்துக்கோங்கம்பாங்க, எடுக்காதீங்க, வெக்கை தாங்காம தீயை அடக்கி அடக்கி எரிப்பீங்க, அந்தப் புகைதான் சிம்னி உள்ள தார் மாதிரி படிஞ்சு ஒருநாள் பத்திக்கும்.

சிம்னில காசு மிச்சம் பிடிக்காதீங்க. வளைவு இல்லாம நேரா மேல போகணும், மொத்தம் 15 அடியாவது வேணும், மலைல காத்து லேசா இருக்கிறதால சிம்னி புகையை மேல இழுக்கிற வேகம் குறையும், அதனால இன்னும் கொஞ்சம் கூட வைங்க. கூரையைத் தாண்டி 3 அடி, 10 அடி சுத்துவட்டத்துல இருக்கிற எதையும் விட 2 அடி உசரம். ஒத்தைத் தகடு குழாய் ரூமுக்குள்ள மட்டும்தான், அதுவும் மரத்துல இருந்து 18 இன்ச் தள்ளி. கூரையைத் துளைச்சுப் போற இடத்துல நடுவுல இன்சுலேஷன் வச்ச ரெட்டைக் குழாய் கட்டாயம்.

போன டிசம்பர்ல நாங்க வாடகைக்கு எடுத்த காட்டேஜ்ல ஓபன் ஸ்டவ் இருந்துச்சு, நல்லாத்தான் எரிஞ்சது, அக்கா சமையக்கட்டுல எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் மேல போய்க்கிட்டிருந்த புகை அப்படியே திரும்பி ஸ்டவ் வாய் வழியா கீழ வழிஞ்சு தரையோட பரவுச்சு, பாப்பா இருமி இருமி கண்ணெல்லாம் செவந்துடுச்சு. சின்ன வீட்ல ஃபேன் வெளிய தள்ளுற காத்துக்கு ஈடு சிம்னி வழியாத்தான் உள்ள வரும். அதனால ஸ்டவ் பக்கத்துலயே சுவர்ல வெளிக்காத்து வர ஒரு ஓட்டை நிரந்தரமா இருக்கணும். தீ மூட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஸ்டவ் வாய்கிட்ட பிடிங்க, ஃபேனை ஆன் பண்ணிப் பாருங்க, புகை உள்ள போகாம உங்க முகத்துக்கு வந்தா அன்னைக்கு மூட்டாதீங்க.

விறகு ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும், மூடுபனி ஊர்ல கூரை போட்ட இடத்துல அடுக்கி வச்சாத்தான் காயும். பைன் வெடிச்சுப் பொறி தெறிக்கும், முன்னால கம்பிவலை வைங்க.

இன்னொண்ணு, 2018 ஜூனுக்கு அப்புறம் கட்டின நம்ம சிங்கப்பூர் வீடுகள்ல இருக்கிற அலாரம் புகைக்குத்தான் கத்தும், விறகு எரியும்போது வர்ற கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயுவுக்குக் கத்தாது, அந்த வாயுவுக்கு வாசனையும் இல்ல. தனி அலாரம் ஒண்ணு வாங்கிட்டேன், அடுத்த மாசம் அத்தான் வரும்போது பேட்டரியோட குடுத்து அனுப்பப் போறேன், படுக்கைகிட்ட மாட்டச் சொல்லி.