பழைய தொழிற்சான்றிதழைக் கிரெடிட் முறைக்கு மாற்றுவது எப்படி?

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு ஓராண்டுப் படிப்பு என்பது பல நேரம் முடியாமலே போகும் படிப்பு. எட்டாவது மாதம் ஷிப்ட் மாறும், இல்லையென்றால் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும். நின்றுவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அந்த எட்டு மாத உழைப்பைக் காப்பாற்றத்தான் கிரெடிட் முறை: படிப்பைச் சிறு அலகுகளாகப் பிரித்து, ஒவ்வோர் அலகிலும் தேறியவருக்கு அதைக் கற்க ஆகும் நேரத்துக்கேற்பக் கிரெடிட் கொடுத்துச் சேர்த்துவைப்பது. ஆனால் பழைய பாடத்திட்டத்தின் மணிநேரத்தைப் பத்தால் வகுத்து அத்தியாயத்துக்கு இத்தனை கிரெடிட் என்று எழுதிவிட்டால், பழைய சரக்குக்குப் புது விலைச்சீட்டு ஒட்டிய கதைதான்.

முதலில் வேலையைப் பிரியுங்கள்

பாடப்புத்தகத்தை மூடி வையுங்கள். இந்தச் சான்றிதழ் பெற்றவர் தனியாளாக என்னென்ன வேலைகளைச் செய்து முடிக்க வேண்டும் என்று பட்டியல் போடுங்கள். அதுதான் அலகுகளின் முதல் வரைவு. வீட்டு வயரிங் படிப்பில் ‘மின்னியல் அடிப்படைகள்’ அலகு ஆகாது. ‘சிங்கிள் ஃபேஸ் விளக்குச் சுற்று அமைத்துச் சோதித்தல்’ ஆகும். இந்த ஓர் அலகோடு ஒருவர் நின்றுபோனாலும் வேலை கொடுப்பவருக்கு அதனால் பயன் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் வெட்டிய இடம் தவறு.

1 கிரெடிட்டுக்கு 10 மணிநேரம் என்ற கணக்கில், அலகுக்கு 3 முதல் 6 கிரெடிட் வரை வசதியான அளவு. ஒவ்வொரு கிரெடிட்டாக நறுக்கினால் 40 கிரெடிட் படிப்புக்கு 40 மதிப்பீடுகள் நடத்த வேண்டிவரும். பயிற்றுநரின் நேரம் படிவம் நிரப்புவதிலேயே கரையும். 15 கிரெடிட் அலகாக வைத்தாலோ, நடுவில் நிற்பவர் மறுபடியும் வெறுங்கையோடு போவார்.

அடுத்து ஒவ்வோர் அலகுக்கும் கற்றல் விளைவுகளையும் மதிப்பீட்டு அளவுகோல்களையும் எழுத வேண்டும். ‘புரிந்துகொள்வார்’, ‘அறிந்திருப்பார்’ என்ற சொற்களை எங்கே கண்டாலும் அடியுங்கள். அவற்றை யாராலும் பார்த்து மதிப்பெண் போட முடியாது. மேலே சொன்ன விளக்குச் சுற்று அலகின் ஓர் அளவுகோல் இப்படி இருக்கலாம்: ‘சப்ளையைத் துண்டித்து, துண்டிப்பைச் சோதனைக் கருவியால் உறுதி செய்தபின், இன்சுலேஷன் தடையை 500 வோல்ட் டி.சி.யில் அளப்பார், 1 மெகாஓமுக்குக் குறைந்தால் பழுதுள்ள பகுதியைத் தனியே பிரித்துக் காட்டுவார்.’ ஒருவரையொருவர் பார்க்காத இரண்டு மதிப்பீட்டாளர்கள் இதைப் படித்து ஒரே முடிவுக்கு வருவார்கள். அதுதான் தேவை.

மணிநேரக் கணக்கு

1 கிரெடிட் என்பது எத்தனை மணிநேரம் என்பது சட்டகத்துக்குச் சட்டகம் (தகுதிகளையும் கிரெடிட்டையும் வகுக்கும் விதித்தொகுப்பு) மாறும். ஸ்காட்லாந்து, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 10. ஐரோப்பிய உயர்கல்வியின் ஈ.சி.டி.எஸ். முறையில் 25 முதல் 30. இந்தியாவின் தேசியக் கிரெடிட் சட்டகத்தில் 30. ஆண்டுக்கு 1,200 மணிநேரம், 40 கிரெடிட். உங்கள் படிப்பு எந்தச் சட்டகத்தில் பதிவாகிறதோ அதன் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் அலகுக்கு விளக்க வகுப்பு 16, மேற்பார்வையில் செய்முறை 18, சொந்தப் பயிற்சியும் வாசிப்பும் 11, மதிப்பீடு 5. மொத்தம் 50 மணிநேரம், அதாவது 5 கிரெடிட். வழக்கமாக நடக்கும் பிழை, வகுப்பையும் செய்முறையையும் மட்டும் கூட்டி 34 என்று 3 கிரெடிட் கொடுத்துவிடுவது. மாணவர் தனியாகச் செலவிடும் நேரமும் மதிப்பீட்டு நேரமும் சேர்ந்ததே கற்றல் நேரம். இதே 50 மணிநேரம் 30 மணிநேரச் சட்டகத்தில் ஒன்றே முக்கால் கிரெடிட்டுக்கும் சற்றுக் குறைவாக வந்து நிற்கும். அங்கே பக்கத்து வேலை ஒன்றை இதோடு சேர்த்து முழு எண்ணுக்குக் கொண்டுவருவது நல்லது. எண்ணுக்காகத் தேவையில்லாத பாடத்தைத் திணிப்பது வேண்டாம்.

சராசரி மாணவருக்கு ஆகும் நேரம்தான் கணக்கு. ஒருவர் 30 மணிநேரத்தில் முடித்தாலும் இன்னொருவர் 80 எடுத்துக்கொண்டாலும் இருவருக்கும் 5 கிரெடிட்டே. கடினத்தைச் சொல்வது நிலை, கிரெடிட் அல்ல. கஷ்டமான பாடம் என்று கூடுதல் கிரெடிட் போடும் பழக்கத்தை வரைவுக் குழுவிலேயே நிறுத்திவிடுங்கள்.

சேர்க்கை விதிகள்

40 கிரெடிட் சான்றிதழுக்கு ஒரு மாதிரி: கட்டாய அலகுகள் 24, குறித்த தொகுப்பிலிருந்து விருப்ப அலகுகள் 12, ஒருங்கிணைந்த இறுதி மதிப்பீடு 4. மொத்தத்தில் பாதிக்கு மேல் சான்றிதழின் நிலையிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எளிய அலகுகளாகப் பொறுக்கிச் சேர்த்து மேல்நிலைச் சான்றிதழ் வாங்கிவிடுவார்கள். உள்ளடக்கம் ஒன்றன்மேல் ஒன்று விழும் அலகுகளைச் ‘சேர்த்து எடுக்கக்கூடாத ஜோடி’ என்று பெயர் சொல்லியே எழுதுங்கள்.

அந்த 4 கிரெடிட் இறுதி மதிப்பீட்டை ஆடம்பரமாக நினைத்து வெட்டாதீர்கள். விளக்குச் சுற்று, பவர் சுற்று, எர்த்திங் என்று தனித்தனியாகத் தேறியவர், ஒரு முழு வீட்டைக் கொடுத்தால் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நிற்பதுண்டு. துண்டு துண்டாகக் கற்பதன் பெரிய பலவீனம் இதுதான்.

ஏற்கெனவே தெரிந்தவருக்கு

வயதுவந்தோரில் பலர் வேலையில் கற்றதோடுதான் வருகிறார்கள். முன்கற்றல் அங்கீகாரம் அவர்களுக்கு வகுப்பிலிருந்து விலக்குத் தரலாம், அளவுகோலிலிருந்து தரக்கூடாது. அலகுவாரியாக நடத்துங்கள். முதலில் அரைமணி நேரம் உட்கார்ந்து, அவர் செய்திருக்கும் வேலைகளை அளவுகோல்களோடு பொருத்திப் பாருங்கள். பிறகு ஆதாரம்: வேலைச் சீட்டு, படங்கள், மேலாளர் கடிதம். அது அவருடையதுதானா, போதுமானதா, அண்மைக்காலத்ததா, அந்த அளவுகோலைத்தான் காட்டுகிறதா என்று நான்கு கேள்விகள். காகிதம் இல்லாதவர்தான் அதிகம். அவருக்குச் செய்முறைச் சோதனையும் வாய்மொழி உரையாடலும் போதும். ஆவணம் கேட்டே அலைக்கழித்தால், யாருக்காக இந்த வழியைத் திறந்தோமோ அவர்களே முதலில் திரும்பிப் போவார்கள்.

இந்த வழியில் கிடைத்த கிரெடிட்டுக்கு மதிப்பெண் பட்டியலில் தனி அடையாளம் போடாதீர்கள். கற்றல் ஒன்றே, வந்த வழி வேறு.

பதிவேடும் மாற்றக் காலமும்

ஒவ்வோர் அலகுக்கும் குறியீடு, பதிப்பு எண், நிலை, கிரெடிட், தேறிய நாள் ஆகியவை பதிவில் இருக்க வேண்டும். அலகு முடிந்த உடனே சான்று கொடுங்கள். ஆண்டுக் கடைசி வரை வைத்திருந்தால் நடுவில் நின்றவருக்கு அது போய்ச் சேராது. காலாவதித் தேதி, விதிகள் அடிக்கடி மாறும் பாதுகாப்பு அலகுகளுக்கு மட்டும் போதும். எல்லாவற்றுக்கும் மூன்றாண்டு என்று வைத்தால், குழந்தை வளர்ப்புக்காக விலகித் திரும்பி வருபவர் மறுபடி முதல் படியில் நிற்பார்.

இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் 2008-இல் வந்த தகுதி மற்றும் கிரெடிட் சட்டகத்தை ஒரு பாடமாகப் பார்க்க வேண்டும். 1 முதல் 12 கிரெடிட் வரை அவார்ட், 13 முதல் 36 வரை சர்டிபிகேட், 37-உம் மேலும் டிப்ளமோ என்று கச்சிதமாக இருந்தது. எல்லாப் படிப்பையும் ஒரே வார்ப்பில் ஊற்றிய அதன் வடிவமைப்பு விதிகளை 2015-இல் கைவிட்டார்கள். ஓர் இடத்தில் பெற்ற கிரெடிட்டை இன்னோர் இடத்துக்கு எடுத்துச்செல்லும் வசதியைப் பயன்படுத்தியவர்களும் குறைவே. ஆகவே அலகுகள் தயாரானதும், பக்கத்துப் பயிற்சி நிலையங்களோடு ‘உங்கள் இந்த அலகை நாங்கள் இதற்குச் சமமாக ஏற்போம்’ என்று எழுத்தில் வாங்குங்கள். மற்றவர் ஏற்காத கிரெடிட் செல்லாக்காசு.

பழைய படிப்பில் இருப்பவர்களுக்கு, பழைய தாள் எந்தப் புது அலகுக்குச் சமம் என்ற அட்டவணையைச் சேர்க்கை தொடங்கும் முன்பே ஒட்டிவிடுங்கள். பழைய தேர்வுக்கு இறுதி நாள் குறியுங்கள். கடைசியாக, நிதி தருபவரிடம் பேசுங்கள்: முழுச் சான்றிதழ் பெற்றவர் எண்ணிக்கைக்கே பணம் வருமானால், ஓர் அலகுக்காக வருபவரை எந்த நிலையமும் சேர்த்துக்கொள்ளாது. பணமும் அலகுக்கு அலகு வர வேண்டும்.