எல்லைப்புற டாக்டர் ஒருவரின் கதையைத் தமிழ் வகுப்பில் பத்து நிமிடத்தில் சொல்வது எப்படி

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் தமிழ் வகுப்பு எடுப்பவர்களுக்கும், பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பெற்றோருக்கும் இது. அமெரிக்காவில் ஆஸ்பத்திரியே இல்லாத புதுக் குடியேற்ற ஊர்களில் குதிரையில் போய் வைத்தியம் பார்த்த டாக்டர்களில் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், எஃப்ரயீம் மெக்டவலை எடுங்கள். 1771-இல் வர்ஜீனியாவில் பிறந்தார், எடின்பரோவில் படித்தார், கென்டக்கியில் டான்வில் என்ற ஊரில் தொழில் செய்தார். இதை ஒரே மூச்சில் முடித்துவிட்டு நேராக நோயாளியிடம் போய்விடுங்கள், கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

1809 டிசம்பர். ஜேன் டாட் க்ராஃபர்ட் என்ற பெண்ணுக்கு வயிறு பெருத்துக்கொண்டே போகிறது, பிரசவம் தள்ளிப்போகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மெக்டவல் வந்து பார்த்துவிட்டு, இது குழந்தை இல்லை, சூலகத்தில் வளர்ந்த கட்டி என்கிறார். வயிற்றைத் திறந்து எடுத்தால் உயிர் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். டான்வில் வந்தால் செய்கிறேன் என்றதும் அந்த அம்மா குளிரில் 60 மைல் குதிரையிலேயே போனார்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். 60 மைல் என்றால் பிள்ளைகளுக்குப் புரியாது. டர்பனிலிருந்து மாரிட்ஸ்பர்க் 80 கிலோமீட்டர், அதைவிடத் தூரம் என்று சொல்லுங்கள். கட்டி 22½ பவுண்டு, அதாவது பத்துக் கிலோவுக்கு மேல். ஒரு பத்துக் கிலோ அரிசிப் பையைக் கொண்டுவந்து ஒவ்வொரு பிள்ளையின் மடியிலும் ஒரு நிமிடம் வையுங்கள். அந்தக் கனம் சேணத்தின் முன்முனையில் இடித்து இடித்து அவர் வயிறு கன்றிப்போயிருந்தது.

கிறிஸ்துமஸ் நாளில், டாக்டரின் வீட்டிலேயே அறுவை. ஈதர் மயக்க மருந்தாக உலகறிய வந்தது 1846-இல்தான், ஆகவே ஜேன் முழு நினைவோடு பைபிள் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டே 25 நிமிடம் படுத்திருந்தார். ஐந்தாம் நாள் டாக்டர் போய்ப் பார்த்தால், தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருக்கிறார்! 78 வயதுவரை வாழ்ந்தார்.

அப்புறம், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். 1817-இல் மெக்டவல் வெளியிட்ட கட்டுரையில் மூன்று நோயாளிகள். மற்ற இருவரும் அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்கள், அவர்கள் பெயரைக்கூட அவர் எழுதவில்லை. ஜேனிடம் சம்மதம் கேட்டார். முடியாது என்று சொல்லும் உரிமை இவர்களுக்குச் சட்டத்தில் கிடையாது. நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று உறைக்கும். 1860-இலிருந்து இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் பெரியவர்களுக்கும் நம்பர் போட்டார்கள், ஆனால் கப்பல் பட்டியலில் பெயரும் ஊரும் கூடவே இருக்கின்றன. யார் வீட்டிலாவது அந்தப் பட்டியலின் நகல் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பின்னாளில் ஜனாதிபதியான ஜேம்ஸ் போல்க்குக்கு 1812-இல் சிறுநீர்ப்பைக் கல்லை எடுத்தவரும் இவர்தான். அதைப் பேச்சுக்குள் நுழைக்காதீர்கள், ஜனாதிபதி வந்துவிட்டால் ஜேன் காணாமல் போய்விடுவார். யாராவது கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.