சோடா பாட்டில்ல தண்ணி ராக்கெட்: முதல் தடவை செய்றவங்களுக்கு

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டத்துத் திடல்ல ஞாயித்துக்கிழமை காலைல ராக்கெட் விடுவோம். பாக்க வர்ற பிள்ளைங்க முதல்ல கேக்குறது, இதுக்கு வெடிமருந்து போடணுமான்னுதான். வேணாம். அமெரிக்காவுல மருந்து அடைச்ச எஸ்டஸ் கம்பெனி ராக்கெட் மோட்டாரைக் கடையிலயே வாங்கலாம், இங்க வெடிமருந்துன்னாலே 1957-ஆம் வருஷத்துச் சட்டம், போலீஸ் லைசென்ஸ்னு போகும். நமக்குத் தண்ணியும் காத்தும் போதும்.

1.5 லிட்டர் பாட்டில் ரெண்டு எடுத்துக்குங்க. 100 பிளஸ், கோலா மாதிரி கேஸ் உள்ள தண்ணி வந்த பாட்டிலா இருக்கணும், மினரல் வாட்டர் பாட்டில் மெலிசு, அழுத்தம் தாங்காது. ஒரு பாட்டிலை வெட்டவே கூடாது, அதுதான் எஞ்சின். இன்னொன்னோட மேல்பாதியை வெட்டி, எஞ்சின் பாட்டிலோட அடிப்பக்கத்துல தொப்பி மாதிரி மாட்டி டேப் ஒட்டுங்க, அது மூக்கு. வாய் கீழ பாத்து இருக்கும். வாய்ப்பக்கம் இம்ப்ரா போர்டுல (விளம்பரப் பலகைக்குப் போடுற பிளாஸ்டிக் அட்டை) மூணு இறக்கை வெட்டி சம இடைவெளியில டபுள் டேப்பால ஒட்டி மேல டேப் சுத்துங்க. சூட்டுப் பசை வேணாம், சூடு பட்ட இடத்துல பாட்டில் பலம் போயிடும்.

இப்ப நான் சொல்றதைத் தயவுசெஞ்சு தாண்டிப் போயிடாதீங்க. என்னோட முதல் ராக்கெட் இறக்கை எல்லாம் அழகா இருந்தும் கிளம்பின உடனே வளைஞ்சு செம்பனை மரத்துக்குள்ள போயிடுச்சு, காரணம் மூக்குல எடையே இல்ல. ராக்கெட்டோட எடை நடுப்புள்ளி மூக்குப் பக்கமும், காத்து தள்ளுற நடுப்புள்ளி வால் பக்கமும் இருந்தாத்தான் காத்து வாலைப் பின்னுக்குத் தள்ளி ராக்கெட்டை நேரா வச்சிருக்கும். காத்துப் புள்ளியைக் கண்டுபிடிக்க, ராக்கெட்டை அட்டை மேல படுக்க வச்சு இறக்கையோட சேத்து ஓரம் வரைஞ்சு வெட்டுங்க, அந்த அட்டை விரல்ல எங்க சமமா நிக்குதோ கிட்டத்தட்ட அதுதான். அப்புறம் தண்ணி இல்லாத ராக்கெட்டையும் விரல்ல நிறுத்திப் பாருங்க, அது நிக்கிற இடம் ஒரு பாட்டில் அகலமாவது, அதாவது 9 செ.மீ., மூக்குப் பக்கமா தள்ளி இருக்கணும். இல்லன்னா மூக்குக்குள்ள களிமண் கொஞ்சம் கொஞ்சமா வச்சுப் பாத்துக்கிட்டே வாங்க. கடைசியா எடைப் புள்ளியில கயிறு கட்டித் தலைக்கு மேல சுத்துங்க, மூக்கு முன்னால போனா சரி, உருண்டு புரண்டா விடாதீங்க.

ராக்கெட்டை நிறுத்தி விடுற ஸ்டாண்டுக்கு அரை இன்ச் பிவிசி பைப், பாட்டில் வாய்க்குள்ள சரியாப் போகும். காத்து கசியாம இருக்க வாய் உக்கார்ற இடத்துல ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம். பைப்போட அடி மூடியில ஓட்டை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வு. பைப்பைச் சுத்தி கேபிள் டை கட்டி அதோட தலைங்க பாட்டில் கழுத்து வளையத்தைப் பிடிக்கிற மாதிரி வச்சு, எல்லாத்தையும் ஒரு பெரிய பைப்புத் துண்டால இறுக்குங்க, அந்தத் துண்டைக் கயிறால கீழ இழுத்தா பிடி விட்டுரும். ஸ்டாண்டை மண்ணுல ஆணி அடிச்சு நிறுத்துங்க.

பறக்க விடுறது காலைல எட்டு மணிக்குள்ள நல்லது, காத்து கம்மி, மத்தியானம் இடி மழை வேற. தண்ணி 500 மி.லி., பாட்டில்ல மூணுல ஒரு பங்கு. நிறைய ஊத்தினா காத்துக்கு இடம் இல்ல, குறைச்சா வெளிய தள்ளுறதுக்கு எடை இல்ல. சைக்கிள் பம்பு ஓஸை 5 மீட்டருக்கு நீட்டிக்குங்க, பம்புல அழுத்தம் காட்டுற மீட்டரைப் பாத்து 60 பிஎஸ்ஐ-யோட நிறுத்துங்க. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, பிள்ளைங்களை 10 மீட்டர் தள்ளி நிறுத்திட்டு கயிறை இழுங்க. போகலன்னா மேல குனிஞ்சு பாக்கவே கூடாது, நீளமான மூங்கிலால அந்தப் பைப்புத் துண்டைத் தள்ளுங்க. கீறல் விழுந்த பாட்டிலைத் தூக்கிப் போட்டுடுங்க.

மாத்திப் பாக்கணும்னா ஒரு நேரத்துல ஒன்னை மட்டும் மாத்துங்க, தண்ணியை 400, 500, 600-னு வச்சு நோட்டுல எழுதுங்க. உயரம் அளக்க ஸ்டாண்டுல இருந்து 30 மீட்டர் தள்ளி நின்னு, நூல்ல நட்டு கட்டின கோணமானியோட நேர் ஓரத்தால ராக்கெட்டைப் பாருங்க, நூல் காட்டுற எண்ணை 90-ல கழிச்சா கோணம். 45 டிகிரின்னா 30 மீட்டர், 60 டிகிரின்னா 52, அதோட உங்க கண்ணு உயரத்தையும் கூட்டிக்குங்க.