பெட்டியில் வரும் வைஃபை சாமான்கள்: மட்டக்களப்பில் குடியேறுவோருக்கு

கனடா, லண்டன், சுவிஸ் என்று இருந்துவிட்டு மட்டக்களப்புப் பக்கம் குடியேற வருகிறவர்களின் பெட்டிகளில் இப்போது போனால் இயக்கும் ஸ்மார்ட் பிளக், பல்ப், கமரா எல்லாம் வருகின்றன. தாராளமாகக் கொண்டு வாருங்கள். ஆனால் செருகுவதற்கு முன்னம் சாமானின் அடியில் எழுதியிருப்பதை வாசியுங்கள்.

கனடாவில் கரண்ட் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ‘100-240’ என்று போட்டிருந்தால் பின்னை மாற்றும் அடப்டர் போதும். 120 மட்டும் என்றால் செருகவே வேண்டாம். அந்த அடப்டர் வோல்ட்டைக் குறைக்காது. லண்டன்காரருக்கு இந்தத் தலையிடி இல்லை. அங்குள்ள 13 ஆம்பியர் சதுரப்பின் பிளக்தான் இங்கேயும். பழைய வீடுகளில் உருண்டைப்பின் பொயின்ற் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

சுவிட்ச் விஷயத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். பழைய வீடுகளில் பல சுவிட்ச் பெட்டிகளுக்குள் நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) இறங்கியிருக்காது. ஸ்மார்ட் சுவிட்ச் பெரும்பாலானவற்றுக்கு அது வேண்டும். இல்லாத இடத்தில் எர்த் வயரை எடுத்து நியூட்ரலாக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்ய விடாதீர்கள். எர்த் எங்கேயாவது அறுந்திருந்தால் ஃபிரிட்ஜின் உடம்பிலேயே கரண்ட் ஏறும். சான்றிதழ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு நியூட்ரல் இழுப்பியுங்கள்; ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். செலவு கூட என்றால் ஸ்மார்ட் பல்ப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

கிணற்று மோட்டரை ஸ்மார்ட் பிளக்கில் போட எல்லாருக்கும் ஆசை வரும். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான், ஆனால் தொடங்கும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். சின்னப் பிளக்கின் உள்ளிருந்து கரண்டை விட்டு நிறுத்தும் ரிலே ஒட்டிக்கொண்டால் போனில் ‘ஓஃப்’ என்று காட்டினாலும் மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கோடையில் கிணறு வற்றியிருந்தால் மோட்டர் எரிந்துவிடும். கட்டாயம் வேண்டுமென்றால் மோட்டரின் கரண்டைத் தாங்கும் கொன்டாக்டர் என்ற பெரிய சுவிட்சை வைத்து எலெக்ட்ரீஷியன் செய்யட்டும்.

வைஃபைக்கு வந்தால், இந்தச் சாமான்களில் அநேகம் 2.4 ஜிகாஹேர்ட்ஸில் மட்டுமே இணையும். ரவுட்டரில் ‘கெஸ்ட்’ வைஃபை ஒன்று திறந்து கமரா, பிளக் எல்லாவற்றையும் அதில் விடுங்கள். வங்கிக் கணக்குப் பார்க்கும் போன் வேறு வைஃபையில் இருக்கட்டும். ரவுட்டரோடும் கமராவோடும் வந்த பாஸ்வேட்டை முதல் நாளே மாற்றுங்கள். வந்துபோகும் சொந்தக்காரருக்கும் கெஸ்ட் வைஃபையைக் கொடுக்க வேண்டாம், அது சாமான்களுக்கு மட்டும்.

கமராவை மாட்டியதும் போனில் படத்தைப் பார்த்துவிட்டு ஏணியால் இறங்குங்கள். மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கிணற்றடி தெரிகிறதா? இங்கே பல வீடுகளில் பெண்பிள்ளைகள் கிணற்றடியில்தான் குளிப்பார்கள். கேற்றும் முற்றமும் தெரிந்தால் போதும். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டிவிடுவது இன்னும் நல்லது. கல்லடி, பாசிக்குடா போலக் கடலோரமென்றால் உப்புக்காற்று வயர் மூட்டுகளை அரித்துவிடும். வெளியில் மாட்டுகிற மூட்டுகளை நீர் புகாத பெட்டிக்குள் வையுங்கள்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் கடுமை. வானம் இருட்டும்போதே ரவுட்டர் அடப்டரையும் ரிவி அன்ரெனா வயரையும் கழற்றுங்கள். இடி முழங்கத் தொடங்கிய பிறகு வயரில் கை வைக்க வேண்டாம். ரவுட்டர் நிற்கும் அந்த நேரம் கதவில் போட்ட வைஃபை பூட்டுகூட இயங்காமல் போகலாம், ஆகவே சாதாரணத் திறப்பால் திறக்கக்கூடிய பூட்டையே வாங்குங்கள்.